கவிழ்ந்து கிடக்கும் காவலூர்!

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக பஸ் ஏறினால், ஜவ்வாது மலையில் மரங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக் குவிமாடம் திடீர்னு தலையை நீட்டும். அதுதான் காவலூர் வானாய்வு மையம். சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், பெங்களூருவிலிருந்து 175. நகரத்து வெளிச்சம் எட்டாத, தெற்கு வானமும் தெரிகிற இடம் வேணும்னு வைணு பாப்பு என்கிற விஞ்ஞானி தேடிப் பிடித்த மலை இது. 1968-ல் வெறும் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்போடு வேலை ஆரம்பித்தது. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் ராட்சசனை ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார்.

நாங்க நாலு பேர் தூக்கிக்கொண்டு போனது 11.4 சென்டிமீட்டர். ஹாஸ்டல் நண்பனுக்கு அவன் மாமா வாங்கிக் கொடுத்தது. அட்டைப்பெட்டியில் '675 மடங்கு!' என்று கொட்டை எழுத்து. மொட்டைமாடியில் அதை நம்பி நாலு தடவை முயற்சி செய்து, புகை மூட்டம் மட்டுமே பார்த்து வெறுத்துப்போன பையன், 'யூஸ்டு, நல்ல கண்டிஷன்'னு விற்பனைக்கே போட்டுவிட்டான். "விக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ராத்திரி குடுடா மச்சி"ன்னு கெஞ்சித்தான் ஏப்ரல் நடுவில், அமாவாசையை ஒட்டின ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

முதல்ல அந்த 675-ஐ உடைத்துவிடலாம். டெலஸ்கோப்பின் குவிதூரம் 900 மில்லிமீட்டர். அதை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்குன்னு தெரியும். 25 போட்டால் 36 மடங்கு, 10 போட்டால் 90. 4 மில்லிமீட்டரையும் மூணு மடங்கு பார்லோ லென்ஸையும் சேர்த்து மாட்டினால் 675 வரும்... கணக்கில் மட்டும்! கண்ணாடியின் அகலத்துக்கு, மில்லிமீட்டருக்கு ரெண்டு மடங்குதான் உச்சவரம்பு. அதாவது 114-க்கு 228. அதுக்கு மேலே பெரிசாகிறது மங்கல் மட்டும்தான். பார்லோவைப் பெட்டியிலேயே தூங்க விடுங்க, பாஸ்.

மையத்துக்குத் தள்ளி ஒரு பலாத் தோப்பு ஓரம். நிலத்துக்காரத் தாத்தாகிட்ட அனுமதி கேட்டு, சாயங்காலமே ஸ்டாண்டை நிறுத்தினோம். ஃபைண்டரைப் பகல் வெளிச்சத்தில் சரிசெய்வதுதான் சுலபம். தூரத்தில் அசையாத ஏதாவது ஒண்ணைப் பெரிய குழாயில் நடுவுக்குக் கொண்டுவந்து, குட்டிக் குழாயின் திருகுகளைத் திருப்பி, அதே பொருளைக் குறுக்குக்கோட்டின் நடுவில் நிறுத்தணும். சூரியன் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே கூடாது, கண் போயிடும். நாங்க பிடித்த இலக்கு அந்த வெள்ளைக் குவிமாடம். தாத்தா எட்டிப் பார்த்துப் பதறிட்டார். "என்ன தம்பி, கட்டடம் கவிழ்ந்து கிடக்கு?" இந்த வகைக் கண்ணாடி டெலஸ்கோப்பில் எல்லாமே தலைகீழ்தான் தாத்தா என்று சொல்லியும், அவர் ஒரு தடவை நேரிலும் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

அப்புறம்தான் நிஜமான வில்லன் வந்தான். அவன் பெயர் ஈக்குவடோரியல் மவுன்ட். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரே வைத்துவிட்டால், பூமி சுற்றச் சுற்ற ஒரே ஒரு திருகைத் திருப்பி எந்த நட்சத்திரத்தையும் துரத்தலாம். அருமையான ஐடியா. ஆனா மேனுவல் எழுதினவன் ஊர்ல துருவ நட்சத்திரம் பாதி வானத்துல நிக்குது. ஒரு ஊரின் அட்சரேகை எவ்வளவோ, அவ்வளவு உயரத்தில்தான் அது தெரியும். காவலூருக்குப் பன்னிரண்டரை டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் பத்து டிகிரி. ஆக, தொடுவானத்துக்கு மேல ஒரு முஷ்டியும் கொஞ்சமும். எங்களுக்கு அந்த இடத்தில் இருந்தது பலா மரம்!

திசைகாட்டி வைத்து வடக்கைப் பிடித்தோம். நம்ம பக்கம் காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மி. கோணத்தைப் பன்னிரண்டரைக்கு இறக்கினதும் எடைக்கம்பி ஸ்டாண்டு காலில் இடித்தது. வடக்கே ஒரு கால் வராமல், ரெண்டு காலுக்கு நடுவிலான இடைவெளி வருகிற மாதிரி திருப்பி வைத்துச் சமாளித்தோம். கண்ணால பார்க்க இது போதும், போட்டோவுக்குப் போதாது. இனிமே வாங்கப் போறவங்களுக்கு என் ஓட்டு டாப்சோனியனுக்கு. மேல கீழ, இடம் வலம், அவ்வளவுதான். அதைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர் என்பது கூடுதல் சுவாரசியம்.

இருட்டினதும் டார்ச்சுக்குச் சிவப்பு ஜெலட்டின் பேப்பர், போன் பைக்குள். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் திரும்ப முதல்லேர்ந்து. மையத்துக்குப் பக்கத்தில் ஹெட்லைட் போட்டு ஆட்டம் போடுறது சுத்த அநியாயம், உள்ளே யாரோ மங்கலான ஒளியைப் பல மணி நேரமா சேகரிச்சுக்கிட்டு இருப்பாங்க.

மேற்கே இறங்கிக்கொண்டிருந்த ஓரியன் நெபுலாவை முதலில் பார்த்தோம். நண்பன் "ம்..." என்றான். அவ்வளவுதான். புத்தகப் படத்தில் இருக்கிற கலர் கண்ணுக்குத் தெரியாதுன்னு முன்னாடியே சொல்லி வைத்திருந்தும் முகம் வாடித்தான் போச்சு.

நள்ளிரவு நெருங்கும்போது சித்திரை நட்சத்திரம் தெற்கே உச்சிக்கு வந்தது. அதிலிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டிக்குச் சற்று மேல் இறங்கினால் ஒமேகா சென்டாரி. வெறும் கண்ணுக்கு ஒரு மங்கல் புள்ளி. 1677-ல் எட்மண்ட் ஹாலி, அது சாதாரண நட்சத்திரம் இல்லைன்னு கண்டுபிடித்தார். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள், சுமார் 17,000 ஒளியாண்டு தூரம். லண்டனில் இது எந்த ராத்திரியும் உதிக்கவே உதிக்காது! நமக்கு மூணு முஷ்டி உயரத்தில் வருது. மேனுவல்காரனுக்குத் துருவ நட்சத்திரம், நமக்கு இது.

36 மடங்கில் பஞ்சு உருண்டை. 90-க்கு மாற்றி, நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரக்கண்ணால் பார்த்தால், ஓரங்களில் உப்பைத் தூவின மாதிரி துகள் துகளாகப் பிரிந்தது. நண்பன் நகரவே இல்லை. ஒரு கை தானா அந்தத் திருகைத் திருப்பிக்கிட்டே இருந்தது. பலாவுக்குக் காவல் வந்த தாத்தாதான் அவனை விலக்கிவிட்டுக் குனிந்தார்.

"இதுவும் தலைகீழாத்தான் தெரியுதா தம்பி?"

"ஆமா தாத்தா."

"தெரியலையே!" என்று சொல்லிவிட்டு அவரும் நகரவில்லை.

மூணு மணிக்கு விருச்சிகத்தோடு பால்வீதி நன்றாக மேலே ஏறியிருந்தது. விலை கேட்டு வந்திருந்த ரெண்டு மெசேஜுக்கும் நண்பன் காலையில் பஸ்ஸில்தான் பதில் போட்டான்: "ஸாரி, கொடுக்கிறதா இல்லை."