பால்மரப் புகை

சுங்கை சிப்புட் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் புகை புதிதல்ல. உருளையில் அழுத்திய ரப்பர் ஷீட்டுகளைப் புகைக்கூடத்தில் சில நாள் தொங்கவிடுவார்கள். விறகின் சூடு ஈரத்தை இழுக்கும். புகையிலுள்ள பீனால் சேர்மங்கள் பூஞ்சணத்தை அண்டவிடாது.

எங்கள் லயத்து அடுப்புக்கு மேலும் அதே வேலைதான் நடந்தது. உப்பும் மஞ்சளும் தடவிய காட்டுப்பன்றிக் கறியைப் பாட்டி கம்பியில் கோத்துத் தொங்கவிடுவார். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. அன்றைய கூலியும் போய்விடும். அந்த நாள்களுக்கான குழம்பு இந்த உப்புக்கண்டம்தான்.

என் பிள்ளைகளுக்கோ அது விருந்துச் சுவை. தாமான் வீட்டில் விறகடுப்பு இல்லாததால், பின்வாசலில் பழைய குவாலியை வைத்து, அலுமினியத் தாள் விரித்து, ஒரு பிடி மரச்சீவல் போடுகிறேன். உப்புநீரில் ஊறவைத்துத் துடைத்த கெம்போங் மீனை மேலே கம்பித்தட்டில் அடுக்கி மூடுகிறேன்.

சீவலில்தான் கவனம் வேண்டும். பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூச்சி எளிதில் அரிக்கும். அதனால் தளவாட ஆலைகளுக்குப் போகும் பலகைக்குப் போரான் மருந்து ஏற்றுவதுண்டு. இலவசமாகக் கிடைக்கிறதே என்று அந்தச் சீவலையோ ஒட்டுப்பலகைத் துண்டையோ எரிக்காதீர்கள். வீட்டு ரம்புத்தான் கிளையைக் காயவைத்துச் சீவினால் போதும்.

இன்னொன்று: பாட்டியின் கறியைக் காத்தது புகை மட்டுமல்ல, உப்பும் பல நாள் உலர்த்தலும். அரைமணி நேரம் புகைத்த மீன் அப்படித் தாங்காது. நன்றாக வெந்ததா என்று பிட்டுப் பார்த்து அன்றே சாப்பிடுங்கள். மீதியை உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.