விண்கல்லும் முறமும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு வாசனை இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் பழைய கிடங்குகள் பல கடைகளாகவும் காட்சிக்கூடங்களாகவும் மாறிவிட்டன. அங்கே உட்கார்ந்து மிளகு புடைத்த பெண்களின் வேலையை யாரும் வித்தை என்று சொன்னதில்லை. நான் சொல்வேன். வானத்திலிருந்து விழுந்த கற்கள் சாட்சி.

சல்லடை அளவை மட்டுமே பார்க்கும். 4.25 மில்லிமீட்டர் கண்ணில் விழாமல் நின்ற மிளகுக்குத் தலைச்சேரி எக்ஸ்ட்ரா போல்ட் என்று பெயர், விலையும் கூடுதல். ஆனால் பொக்கும் கொழுத்த மணியும் ஒரே அளவானால் சல்லடைக்கு இரண்டும் ஒன்றுதான். முறத்துக்கு அப்படியல்ல. பொக்கைக் காற்று தள்ளிவிடும், கனத்தது நிற்கும். அளவு, கனம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது காற்று.

பெரும்பாலான விண்கற்களுக்குள் காண்ட்ரூல் எனும் சிறு உருண்டைகள் உண்டு. கிரேக்க மொழியில் 'மணி' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், கோள்கள் உருவாகும் முன்பே, உருகி உறைந்த துளிகள் இவை. ஒரு வகைக் கல்லில் இவை சராசரியாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். இன்னொரு வகையில் அதில் ஆறில் ஒரு பங்குதான். யாரோ தரம் பிரித்து மூட்டை கட்டியது போல!

பிரித்தது சல்லடையா, முறமா? துப்பு அந்தக் கல்லிலேயே இருக்கிறது. சாதாரண விண்கற்களில் காண்ட்ரூல்களோடு இரும்பு-நிக்கல் துணுக்குகளும் கலந்திருக்கும். கனம் இரண்டு மடங்குக்கு மேல், அளவோ சிறியது. சல்லடை என்றால் இரண்டும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும். சிறியதானாலும் கனமானது, பெரியதானாலும் லேசானது, இரண்டும் காற்றில் ஒரே மாதிரி நகரும். ஆகவே முறம்தான். இளம் சூரியனைச் சுற்றியிருந்த வாயு, காற்றின் வேலையைச் செய்திருக்கிறது. வாயுச் சுழல்களின் இடுக்குகளில் குறிப்பிட்ட வகை மணிகள் மட்டும் குவிந்திருக்கும் என்று 2001-ல் நாசாவின் ஜெஃப் கஸ்ஸியும் சகாக்களும் கணக்கிட்டார்கள். மணிகள் பிறந்த இடத்திலேயே அளவு வேறுபட்டிருக்கும் என்று வாதிடும் விஞ்ஞானிகளும் உண்டு. வழக்கு முடியவில்லை.

சாட்சிகள் அழியவும் செய்கின்றன. 1914-ல் கேரளத்தின் குற்றிப்புறத்திலும், 2008-ல் கிருஷ்ணகிரி மாவட்டச் சூளகிரியிலும் விழுந்த கற்கள், தாய்க்கோளுக்குள் கடுமையாகச் சூடுபட்டவை. அவற்றில் மணிகளின் விளிம்புகள் மங்கிவிட்டன. கல்லில் சூடு செய்ததைக் கிடங்குகளில் காலம் செய்கிறது. கையால் புடைத்தவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டியவை நிறைய. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.