பாதியாகாத தாய்

சுங்குவார்சத்திரத்துக் கடைவீதியில், நெடுஞ்சாலையின் இரைச்சலுக்குச் சற்று விலகி உள்ளே இருக்கும் பழைய பேப்பர் கடையொன்றில், எடைக்குப் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்த நோட்டுகளுக்கும் கைடுகளுக்கும் நடுவே கிடந்த பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல் புத்தகத்தை நான் விலைகொடுத்து வாங்கியதற்குக் காரணம், அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்த இரண்டே சொற்கள். குன்றல் பகுப்பில் குரோமோசோம்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைகிறது என்னும் வாக்கியத்தின் அருகே, சிறிய கையெழுத்தில், ‘ஏன் பாதி?’ என்று யாரோ கேட்டிருந்தார்கள். இவ்வூரைச் சுற்றியுள்ள கைப்பேசித் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பதற்காகத் தூரத்து மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி, படிப்பைத் தொடரும் எண்ணத்தோடு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த புத்தகமாகவும் அது இருக்கலாம். ஒளிச்சேர்க்கை, செல் பகுப்பு, டி.என்.ஏ. இரட்டிப்பாதல் ஆகிய பாடங்களில் மதிப்பெண்ணுக்குரிய வரிகளெல்லாம் முறையாக அடிக்கோடிடப்பட்டிருந்தன. ஆனால் கேள்வி என்று இருந்தது அந்த ஒன்றுதான்.

பரீட்சைக்குரிய விடை எளிது. மனித உயிரணுவில் உள்ளவை 46 குரோமோசோம்கள். தாயும் தந்தையும் பாதியாக்காமல் அப்படியே கொடுத்தால் பிள்ளைக்கு 92, பேரனுக்கு 184 என்று சந்ததி தோறும் இரட்டித்துக்கொண்டே போகும். ஆகவே சேர்வதற்கு முன் குறைந்தாக வேண்டும். இந்த விடையை எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும் என்றாலும், அந்தப் பென்சில் எழுத்துக்கு அது போதாது என்றே எனக்குத் தோன்றிற்று. ஏனெனில், இந்த நியதிக்குக் கட்டுப்படாத தாய் ஒருத்தி இருக்கிறாள். நாம் பொங்கலுக்குக் கட்டாக வாங்கி வாசலில் சாத்துகிறோமே, அந்தக் கரும்பின் குலத்தைச் சேர்ந்தவள் அவள்.

ஊரை ஒட்டிய ஏரிக்கரையில் மழைக்குப் பின் நாணல் செழித்து நின்று வெண்கதிர் விடுகிறது. பேய்க்கரும்பு என்றும் அதற்கு வழக்குண்டு. கசக்கும் பேய்க்கரும்பைக் கையில் ஏந்தித் தலந்தோறும் திரிந்த பட்டினத்தாருக்கு, அது இனித்த இடமாகிய திருவொற்றியூரே முத்தித் தலமாயிற்று என்னும் ஐதிகத்தைச் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் போற்றுகிறார். வந்த விருந்தாளிக்குக் கிடைத்த புகழில் ஒரு துளியும், கரையோரத்தில் தானாக முளைத்து நின்ற இந்தக் காட்டு உறவினனுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது 1912-இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனம். அங்கே டாக்டர் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும், இனிப்பு மிகுந்ததாயினும் நோய்க்கும் குளிருக்கும் எளிதில் இரையாகும் ‘வெள்ளை’ என்னும் கரும்பைத் தாயாகவும், சாறு குறைந்த போதிலும் எதையும் தாங்கும் உள்ளூர் நாணலைத் தந்தையாகவும் வைத்துக் கலப்புச் செய்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205 என்னும் கரும்பு 1918-இல் பஞ்சாபின் வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டினத்தாருக்குப் பேய்க்கரும்பு இனித்தது அருளால் என்றால், வட இந்திய விவசாயிக்கு அது இனித்தது மகரந்தத்தால். இரண்டையும் ஒரே வியப்போடுதான் நான் நினைக்கிறேன்.

இந்த மணத்தில்தான் அந்த விசித்திரம் நிகழ்ந்தது. தாயாகிய கரும்புக்குக் குரோமோசோம்கள் 80. கோயம்புத்தூர் நாணலுக்கு 64. விதிப்படி தாய் 40-ம் தந்தை 32-ம் தந்து பிள்ளைக்கு 72 இருந்திருக்க வேண்டும். கோ 205-இல் இருந்தவையோ 112! தந்தை தன் பாதியை மட்டும் ஒழுங்காகக் கொடுக்க, தாய் தன்னிடம் இருந்த எண்பதையும் ஒன்று குறையாமல் கொடுத்துவிட்டாள். இதே விந்தையை ஜாவாவின் கரும்பு ஆராய்ச்சியில் டச்சு விஞ்ஞானி பிரெமரும் கண்டு எழுதினார்.

இப்படிக் குரோமோசோம்களை எண்ணுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் எடவலேத் கக்கட் ஜானகி அம்மாள். 1897-இல், அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த தலைச்சேரியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்று, பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்ற அவர், 1934-இல் கோயம்புத்தூர்க் கரும்பு நிறுவனத்துக்கு வந்து, இந்தியாவின் பல இடங்களிலும் விளையும் நாணல்களின் குரோமோசோம்களை எண்ணத் தலைப்பட்டார். நாணல் என்பது பார்வைக்கு ஒன்றாயினும் எண்ணிக்கையில் ஒன்றல்ல. 40 முதல் 128 வரை இடத்துக்கு இடம் அது மாறுகிறது.

எண்ணுவது என்று சொல்லிவிட்டேன். அது எத்தகைய காரியம் என்பதை, கல்லூரியின் முதலாண்டுப் பரிசோதனைச் சாலையில் வெங்காய வேரை வைத்து ஒருமுறையேனும் முயன்றவர்களே அறிவார்கள். தண்ணீர் நிறைந்த சீசாவின் வாயில் வெங்காயத்தை உட்கார்த்திவைத்து, மயிர்போல் இறங்கும் வேர்களின் நுனியைக் காலை வேளையில் கத்தரித்து, சாராயமும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் இட்டு, அந்தக் கணத்திலேயே உயிரணுக்களின் இயக்கத்தை நிறுத்தி, பிறகு கார்மைன் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய வில்லையை மூடிக் கட்டை விரலால் அமுக்குவோம். விரல் சிறிது நகர்ந்தால் எல்லாம் பாழ். எங்கள் ஆசிரியர், விரலை வைக்கும் முன் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்படி சொல்லுவார். சாயத்தின் புளித்த நெடியும், ஜன்னல் வெளிச்சத்தை நோக்கித் திருப்பிய நுண்ணோக்கியின் கண்ணாடியும், உறங்கும் உயிரணுக்கள் நூற்றுக்கணக்கில் கடந்துபோன பின் திடீரென ஒன்றில் செந்நிறத்தில் பிரிந்து நின்ற குரோமோசோம்களும் இன்றும் என் கண்ணில் இருக்கின்றன. வெங்காயத்தில் உள்ளவை பதினாறே. அதுவும் உருவில் பெரியவை. நாணலிலோ அறுபதும் எழுபதும் நூறுமாக, மிகச் சிறியவை நெருங்கிக் கிடக்கும். அவற்றை ஒன்றையும் விடாமல், ஒன்றை இருமுறை எண்ணாமல், இந்த ஊர் நாணலுக்கு இத்தனை என்று உறுதியாக எழுதிவைத்த அந்த அம்மையாரின் பொறுமையைத் தவம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட அவர் கலந்து பார்த்தார். பின்னர் இங்கிலாந்துக்குச் சென்று, யுத்த காலத்தில் ஜான் இன்னஸ் நிலையத்தில் உழைத்து, டார்லிங்டன் என்னும் விஞ்ஞானியுடன் சேர்ந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த பெருநூலை 1945-இல் வெளியிட்டார். நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். கடைசிக் காலத்தில் அவர் தங்கி ஆராய்ச்சி செய்த இடம், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தைச் சார்ந்த மதுரவாயல் நிலையம். 1984 பிப்ரவரி 7 அன்று அங்கேயே காலமானார். மதுரவாயலைத் தாண்டிப் பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் என்று வரும் அதே சாலைதான் சுங்குவார்சத்திரத்துக்கும் வருகிறது.

ஏரிக்கரை நாணலை நான் நின்று பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரைக்குக் கீழே நெல், கரைமேல் நாணல். ஒரே சூரியனை இரண்டும் வெவ்வேறு முறையில் உண்கின்றன. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்னும் நொதி மிக மந்தமானது. வெயில் ஏற ஏற, கரியமில வாயுவுக்குப் பதிலாகப் பிராணவாயுவைப் பிடித்துச் சக்தியை விரயம் செய்கிறது. சித்திரை வெயிலில் நெல் இந்த நஷ்டத்தைத் தாங்கியே ஆக வேண்டும். நாணலும் கரும்புமோ வாயுவை முதலில் இலையின் வெளியணுக்களில் நான்கு கரியணு கொண்ட அமிலமாகச் சேகரித்து, நரம்பைச் சூழ்ந்த உள்ளணுக்களுக்கு அனுப்பி, அங்கே அதைச் செறிவாக்கி, நொதி தவறுவதற்கான இடத்தை மிகவும் குறைத்துவிடுகின்றன. இதன் தடயம் ஹவாய்த் தீவின் கரும்பில் 1965-இல் வெளிப்பட, மறு ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஹாட்சும் ஸ்லாக்கும் வழிமுறையை விளக்கினார்கள். இந்த வித்தையை நெல்லுக்கும் கற்பிக்க முடியுமா என்று சர்வதேச விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக முயன்று வருகிறார்கள். வெற்றி இன்னும் வயலுக்கு வரவில்லை.

இரவு ஷிப்டு முடிந்து பேருந்துகள் வரிசையாகக் கடந்து போகும்போது, அந்தப் புத்தகத்தில் அடிக்கோடிட்டிருந்த மூன்றாவது பாடமாகிய டி.என்.ஏ. இரட்டிப்பாதல் என் நினைவுக்கு வரும். தொழிற்சாலையில் வரைபடம் ஓரிடத்தில் இருக்கிறது. பொருள்கள் வேறாக உண்டாகி வெளியே போகின்றன. எத்தனை கைப்பேசி செய்தாலும் வரைபடத்தில் ஒரு கோடும் குறைவதில்லை. உயிரணுவில் அப்படியில்லை. மூலப் பிரதியே இரண்டாகப் பிரிந்து, ஒவ்வோர் இழையும் தனக்கொரு புதுத் துணையைக் கட்டிக்கொள்ள, பிறக்கும் இரண்டு டி.என்.ஏ.விலும் ஒரு பாதி பழையது, ஒரு பாதி புதியது. மூலம், பிரதி என்ற பேதமே அங்கு இல்லை. 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும் கனமான நைட்ரஜனில் பாக்டீரியாக்களை வளர்த்து இதை நிரூபித்தார்கள். சரிபார்த்துத் திருத்தியபின் எஞ்சும் பிழை ஏறக்குறைய நூறு கோடி எழுத்துக்கு ஒன்று. அந்த அரிய பிழைகளும், குரோமோசோம்கள் கூடியும் குறைந்தும் புரண்ட நிகழ்ச்சிகளும் யுகக்கணக்கில் திரண்டதனால்தான், ஓர் ஊர் நாணல் குளிரையும் இன்னோர் ஊர் நாணல் வறட்சியையும் தாங்குகிறது. கரும்பு வளர்ப்போர் புதிய வலிமை வேண்டும்போதெல்லாம் காட்டு நாணலைத் தேடிப் போவதும் அதனால்தான்.

ஆகையால், ஏரிக்கரைகளில் மண்ணைக் கொட்டி மேடாக்கும் லாரிகளைக் காணும்போது எனக்கு உண்மையாகவே மனம் பதைக்கிறது. இங்குள்ள நாணலின் குரோமோசோம்களை எண்ண ஆசைப்படுகிறேன். பள்ளிக்கூட நுண்ணோக்கி போதாது; எண்ணெய் வில்லை பொருத்திய கல்லூரி நுண்ணோக்கியும், பழகிய கட்டை விரலும் வேண்டும். வேர்நுனி கரையிலேயே கிடைக்கிறது. கூட வருவதற்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் முன்வந்தால், வருகிற ஐப்பசியில் தொடங்கிவிடலாம். விடை கோயம்புத்தூரைப் போல 64 ஆகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.