காணாமற் போன திருகாணி

எங்கள் வீட்டில் அண்மையில் ஒரு வழக்கு நடந்தது. வழக்குத் தொடுத்தவனும் நானே; தீர்ப்புக் கூறியவனும் நானே; ஈற்றிற் குற்றவாளியாக நின்றவனும் நானே. பல்லாண்டுகளாகக் கல்லூரியிலே தமிழிலக்கணம் கற்பித்துவரும் எனக்கு இயந்திரங்களோடு அதிக உறவு கிடையாது. கேம் கொன்சோல் எனப்படும் விளையாட்டு இயந்திரம் ஒன்றின் உள்ளுறுப்புக்களை ஆராய நேர்ந்தது அவ்வழக்கின் பொருட்டேயாம்.

ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் என் மகன், ஒரு சனிக்கிழமை அதனைப் புத்தகப்பையில் இட்டுத் துவிச்சக்கர வண்டியில் நண்பன் வீட்டுக்குக் கொண்டு சென்றான். என்னிடம் கேட்கவில்லை. மாலையில் திரும்பி வந்து தொலைக்காட்சியோடு இணைத்தபோது வழக்கமான முகப்புத் தோன்றவில்லை. சேமிப்பகத்தை அணுக முடியவில்லை என்றும், இயக்க மென்பொருளை யூ.எஸ்.பி. மூலம் மீண்டும் நிறுவுமாறும் ஓர் அறிவித்தல் மாத்திரமே திரையில் நின்றது.

"எங்கையோ விழுத்திப் போட்டாய்!" என்றேன்.

"இல்லையப்பா, நான் விழுத்தேல்லை. துவாயாலை சுத்தித்தான் கொண்டு போனனான்."

நான் நம்பவில்லை. ஒரு மாதத்துக்கு விளையாட்டே கிடையாது என்று தீர்ப்பளித்தேன். அவன் எதிர்வாதம் செய்யவில்லை. "அப்பம்மாவின்ரை வீடும் போட்டுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அச்சொல் என்னைச் சுட்டது. ஏன் சுட்டது என்பதை வாசகர்க்குக் கூறுதல் வேண்டும். சதுரக் கட்டிகளை அடுக்கி வீடும் ஊரும் அமைக்கும் மைன்கிராஃப்ட் என்றொரு விளையாட்டு உண்டு. 2020 ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில், அப்பொழுது சிறு பிள்ளையாயிருந்த என் மகனும், அடுத்த வளவிலிருந்த என் தமக்கையின் மகனும் அவ்விளையாட்டினுள்ளே எங்கள் பழைய நாற்சார் வீட்டைக் கட்டினார்கள். அவர்கள் அவ்வீட்டைக் கண்டவர்களல்லர். அது விற்கப்பட்டு இடிக்கப்பட்டு வெகுகாலமாயிற்று. என் தாயார் பக்கத்திலே கதிரை போட்டிருந்து, தலைவாசலுக்கு எத்தனை படி, முற்றத்துக்கு எத்தனை தூண், கிணற்றடிக்கு எவ்வழியாற் போவது என்று சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கட்டினார்கள். தாயார் இன்று இல்லை. மருமகனும் தமக்கையோடு கனடாவுக்குப் போய்விட்டான். எங்கள் வீடு எஞ்சியிருந்த ஒரே இடம் அந்த இயந்திரத்தின் வன்தட்டாகும்.

திரையிற் கண்டபடி மென்பொருளை மீண்டும் நிறுவியிருக்கலாம். இணையத்தில் அறிவுரை கூறியோரிற் பலரும் அதையே கூறினர். ஆனால் அவ்வாறு முழுமையாக நிறுவும்போது வன்தட்டில் முன்னிருந்தவை யாவும் துடைக்கப்படும் என்று ஒருவர் ஈற்றிலே சிறு குறிப்பாக எழுதியிருந்தார். அதனை முதலில் எழுதியிருக்க வேண்டாமா? ஆதலின் நான் செய்த முதல் வைத்தியம் யாதொன்றும் செய்யாது மின்னிணைப்பைக் கழற்றி வைத்ததே.

மறுநாட் காலையில், மகனை வெளிச்சம் பிடிக்கச் சொல்லி இயந்திரத்தின் மேன்மூடியை அகற்றினேன். வன்தட்டு ஒரு சிறு தட்டத்திலே பொருத்தப்பட்டு, அத்தட்டம் ஓர் இழுப்பறை போல உள்ளே செல்கின்றது. அதனை அசையாது பிடித்திருப்பது ஒரேயொரு திருகாணி. அத்திருகாணி இருக்கவேண்டிய துவாரம் வெறுமையாக இருந்தது.

எனக்கு உடனே நினைவு வந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கிய பொழுது, தூசு போக்குவேன் என்று அதைத் திறந்தவன் நான். திருகாணியைக் கழற்றித் தட்டத்தைப் பாதி இழுத்துப் பார்த்து மீண்டும் தள்ளினேன். அந்த நேரத்தில் ஒட்டடை அடிக்க ஏணி பிடிக்கும்படி மனைவி அழைத்தாள். திருகாணி தொலைந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக எங்கோ வைத்தேன்! அன்று தொட்டுத் தட்டம் சிறிது சிறிதாகப் பின்வாங்கி வந்திருக்கின்றது. துவிச்சக்கர வண்டியின் ஆட்டம் எஞ்சியதைச் செய்தது. திருகாணி இருந்திருப்பின் அந்த ஆட்டம் ஒன்றுஞ் செய்திராது.

மகன் வெளிச்சத்தைப் பிடித்தபடி நின்றான். நான் வாய் திறக்கவில்லை. "தட்டுப் பழுதாயிருக்கவும் கூடும், சோதிக்க வேணும்" என்று பொதுவாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை, தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் நண்பரொருவர், வன்தட்டைக் கணினியோடு இணைக்கும் கம்பியொன்றை இரவல் தந்தார். "கணினிக்கு இந்தத் தட்டின் எழுத்து விளங்காது. அழித்துச் செப்பனிடட்டுமா என்று கேட்கும். ஓம் என்று மட்டும் சொல்லிவிடாதையுங்கோ" என்று எச்சரித்தும் அனுப்பினார். அவ்வாறே கேட்டது. வேண்டாம் என்றேன். எனினும் கேள்வி கேட்டதே நற்செய்தி: கணினி தட்டைக் கண்டுகொண்டது; 500 கிகாபைற்று என்று அளவையும் சரியாகக் கூறிற்று. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் அதன் நடுக்கம் என் உள்ளங்கையிலே தெரிந்தது. 1956 ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டு, இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுக்களைக் கொண்டு, ஏறத்தாழ ஒரு தொன் பாரமாய் இருந்ததாம். அதில் அடங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துக்கள். என் கையிலிருந்த சிறு பெட்டியோ அதனைப் போல இலட்சம் மடங்குக்கு மேற் கொள்வது.

தட்டு நலம். கொன்சோலும் தன் குறையைத் திரையில் எழுதிக் காட்டும் அளவுக்கு நலம். ஆகவே பழுது இரண்டும் சேருமிடத்தில் என்பது தெளிவாயிற்று. நிலைமொழியிலும் வருமொழியிலும் பிழையில்லாதபோது புணரியலைப் புரட்டுமாறு மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்பவனல்லவா நான்! சாற்றா எனப்படும் அந்த இணைப்பிலே செய்தி செல்ல ஏழு தொடுமுனைகளும், மின்சாரம் செல்ல பதினைந்தும் உள்ளன. மெல்லிய தகடுகள் அவை. தட்டம் சற்றே பின்வாங்கினாலும் முனைகள் சரிவரத் தொடா. தட்டு உள்ளே இருந்தும் இல்லாததற்குச் சமானமாகிவிடும்.

திருகாணியைத் தேடினேன். அலுமாரி, மேசை இழுப்பறை, தையற்பெட்டி யாவும் பார்த்தாயிற்று. மாலையிலே திருநீறு எடுக்கச் சம்புடத்துள் விரலை விட்டபோது விரலிலே தட்டுப்பட்டது.

மென்தூரிகையாற் தூசு தட்டி, தட்டத்தை இறுதிவரை நேராகத் தள்ளித் திருகாணியை முடுக்கினேன். இயந்திரம் சில நிமிடம் சேமிப்பகத்தைத் தானே சோதித்துக்கொண்டது. பின்னர் பழைய முகப்புத் தோன்றிற்று. வேறெதையும் தொடமுன் அவ்வீட்டை யூ.எஸ்.பி. இரண்டிலே பிரதி செய்வித்தேன்.

இனியும் மறைத்தல் தகாது. "தம்பி, திருகாணியைக் கழட்டினது நான்தான். பொங்கலுக்கு முதல்" என்றேன்.

"தெரியும். ஓட்டையைப் பாத்த உடனை உங்கடை முகத்திலை தெரிஞ்சுது. நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

மூன்று நாள் அவன் பொறுத்திருந்தான். ஒரு மாதத் தண்டனையை நீக்கினேன் என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை. கைப்பிடியை எடுத்து அவன் கையிற் கொடுத்தேன். தலைவாசல் திறந்தது; முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போனோம். மாதுளை மரம் கிணற்றுக்கு வலப்புறம் நின்றது.

"அது இடப்பக்கம் நிண்ட மரம்" என்றேன்.

"அப்பம்மா இந்தப் பக்கமெண்டுதான் சொன்னவ" என்று கூறி, மரத்தை அங்கேயே விட்டுவிட்டான்.