ஸ்டர்பிரிட்ஜ்: ஏரும் உலையும் ஓயாத ஊர்

அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து தென்மேற்காகக் காரில் புறப்பட்டால், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் 90ஆம் எண் நெடுஞ்சாலையோடு 84ஆம் எண் நெடுஞ்சாலை வந்து சேர்கிறது. அந்த முனையில் இருக்கிறது ஸ்டர்பிரிட்ஜ். மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடவில்லை. கடந்து போகிறவர்களுக்கு அது பெட்ரோல் போட்டு, காபி குடித்துவிட்டுப் போகும் நிறுத்தம் மட்டுமே. ஆனால் ஏர் பிடிக்க, இரும்பு காய்ச்ச, அடுப்பங்கரைக் கணப்பில் ரொட்டி சுட மறந்துபோன ஒரு நாட்டில், அந்த வேலைகளை மறுபடியும் கற்றுக்கொள்ள மனிதர்கள் தேடிவரும் ஊர் அது.

ஊராட்சியாக அது அமைந்தது 1738இல். அதற்கு வெகுகாலம் முன்பே இது நிப்மக் பழங்குடி மக்களின் நிலம். இங்குள்ள டான்டியஸ்க்விஸ் குன்றில் கிராஃபைட் கிடைத்தது. நிப்மக் மக்கள் அதை முகத்தில் பூசும் கறுப்புச் சாயமாகப் பயன்படுத்தினார்கள். 1644இல் ஆங்கிலேயக் குடியேற்றத் தலைவர்களில் ஒருவரான இளைய ஜான் விந்த்ராப் அந்தச் சுரங்க நிலத்தை வாங்கினார். எதிர்பார்த்த லாபம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஊர்ப் பொதுத்திடலை ஒட்டி 1771இல் தொடங்கிய பப்ளிக் ஹவுஸ் விடுதியில் இன்றும் சாப்பாடு கிடைக்கிறது. குவினபாக் ஆற்றோரம் ஃபிஸ்க்டேல் பகுதியில் பழைய பஞ்சாலைக் கட்டடங்கள் நிற்கின்றன. பக்கத்து ஊரான பிரிம்ஃபீல்டில் ஆண்டுக்கு மூன்று முறை பழம்பொருள் சந்தை கூடுகிறது.

பழம்பொருள் ஆசையிலிருந்துதான் ஸ்டர்பிரிட்ஜின் இன்றைய அடையாளமும் பிறந்தது. அடுத்த ஊர் சவுத்பிரிட்ஜில் மூக்குக்கண்ணாடி செய்த அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனம் வெல்ஸ் குடும்பத்தினருடையது. 1926இல் ஆல்பர்ட் வெல்ஸ் கோல்ஃப் ஆட வெர்மான்ட் போனார். மழை பிடித்துக்கொண்டதால் பழம்பொருள் கடைகளில் நுழைந்தார். அன்று தொற்றிய பழக்கம் அவர் வீட்டையே நிரப்பிவிட்டது. சேர்ந்ததையெல்லாம் எங்கே வைப்பது என்று குடும்பம் யோசித்தபோது, அவர் மகன் ஜார்ஜ் ஒரு யோசனை சொன்னார்: கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டாம், ஆற்றுநீரில் ஆலை சுற்றுகிற, ஆட்கள் வேலை செய்கிற ஒரு கிராமத்தையே எழுப்புவோம். ஆற்றோரப் பண்ணை ஒன்றை வாங்கி வேலையைத் தொடங்கினார்கள். 1938ஆம் ஆண்டுப் புயலும் பின்னர் உலகப் போரும் குறுக்கிட்டன. 1946 ஜூன் 8 அன்றுதான் ‘ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ்’ திறந்தது.

இன்று ஏறத்தாழ 200 ஏக்கரில், நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்களோடு, அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் 1830களை ஒட்டிய கிராமமாக அது நிற்கிறது. பலசரக்குக் கடை வெர்மான்டிலிருந்து வந்தது, பள்ளிக்கூடம் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து, வங்கி கனெக்டிகட்டிலிருந்து. பிரித்து, ஏற்றிவந்து, மறுபடி பூட்டியவை. இப்படிப்பட்ட கிராமம் இதே இடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளையடித்த வீடுகளும் சீரான பசும்புல் திடலுமாக நாம் காணும் ‘பழைய’ நியூ இங்கிலாந்தில் பிற்காலத்து ஆசை நிறையக் கலந்திருக்கிறது. அந்தப் பலசரக்குக் கடையில் விற்ற பருத்தித் துணிக்குப் பின்னால் தெற்கு மாநிலங்களின் அடிமை உழைப்பு இருந்தது. மாடு கறப்பதைக் காட்டுவது எளிது, இதைக் காட்டுவது கடினம். வாழும் வரலாற்று அருங்காட்சியகம் எதையும் இந்தக் கடினமான பாதியை வைத்துத்தான் நான் எடைபோடுவேன்.

கட்டடத்தை லாரியில் கொண்டுவந்துவிடலாம். அதில் நடந்த வேலையைக் கொண்டுவர முடியாது. இந்தக் கிராமத்தின் ஃப்ரீமன் பண்ணையில் எருதுகளை ஓட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கணாங்கயிறு கிடையாது. கழுத்தில் மர நுகம், ஓட்டுபவர் கையில் ஒரு கோல், மீதியெல்லாம் குரல். கன்றுப் பருவத்திலேயே ஜோடி சேர்த்துப் பழக்கினால்தான் அந்தக் குரலுக்கு எருது திரும்பும். இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு மறுநாள் வயலில் இறங்க முடியாது.

பழைய வேலைகளைச் செய்துகாட்டிய ஒவ்வொரு பண்ணையும் ஒருகாலத்தில் இதைத் தனித்தனியே தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டது. 1965இல் பொருளியலாளர் மேரியன் க்ளாசன், நாடு முழுவதும் இத்தகைய வரலாற்றுப் பண்ணைகள் வேண்டும் என்று எழுதினார். ஸ்மித்சோனியனின் ஜான் ஷ்லெபெக்கரும் ஸ்டர்பிரிட்ஜின் டார்வின் கெல்ஸியும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1970இல் இந்தக் கிராமத்திலேயே கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். சுருக்கமாக ஆல்ஃபாம் என்று அழைக்கப்படும் அச்சங்கத்தில் இப்போது அமெரிக்கா, கனடா தாண்டியும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அதன் ஆண்டுக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஏர்ப்போட்டி. கட்டுரை வாசித்தவர்களே வயலுக்குப் போய்க் கலப்பை பிடிக்கிறார்கள். உழுசால் நேராக விழுந்ததா, ஆழம் சீராக இருந்ததா என்று தொழில் தெரிந்த கண்கள் பார்க்கின்றன. அறிஞர் கூட்டங்கள் பலவற்றில் இல்லாத நேர்மை இதில் உண்டு.

செய்து பார்ப்பதால் புதிய உண்மைகளும் வெளிவருகின்றன. 1976இல் நாட்டின் இருநூறாம் ஆண்டு விழா நெருங்கியபோது, ஸ்டர்பிரிட்ஜ் போன்ற இடங்கள் தாங்கள் காட்டும் காலத்துக்குப் பொருத்தமான ஆடு, மாடு, கோழி இனங்களைத் தேடின. பல இனங்கள் அருகிப்போயிருந்தன, சில அழிந்தே போயிருந்தன. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் 1977இல் அரிய கால்நடை இனங்களைக் காக்கும் அமைப்பு ஒன்று உருவாயிற்று.

குயவர் பட்டறைக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. கனெக்டிகட்டின் கோஷன் ஊரில் வாழ்ந்த ஹெர்வி புரூக்ஸ் உழவும் செய்தார், மண்பாண்டமும் வனைந்தார். அவர் எழுதிவைத்த கணக்கேடுகள் கிடைத்தன. அவர் தொழில் செய்த இடத்தைத் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். அந்தச் சான்றுகளை வைத்து ஸ்டர்பிரிட்ஜில் சூளை கட்டி, விறகு போட்டுச் சுடுகிறார்கள். விறகு எவ்வளவு செல்லும், எந்த மூலையில் வைத்த பானை வேகாமல் போகும் என்பதை எந்தக் கணக்கேடும் சொல்லாது. எரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய வேலைகளைச் செய்துகாட்டும் இந்த அருங்காட்சியகத் தொழிலின் பலவீனம், கற்றவர் விலகும்போது கற்றதும் கூடவே போய்விடுவது. பார்வையாளர் வருகை குறைந்து செலவைச் சுருக்க நேர்ந்தால், முதலில் கைவிடப்படுவது பெரும்பாலும் அனுபவமுள்ள கைகள்தான். அப்படி ஒரு நெருக்கடிக் காலத்தை ஸ்டர்பிரிட்ஜும் கண்டிருக்கிறது. ஆல்ஃபாம் சங்கத்தின் பயிற்சிப் பட்டறைகள் அந்த இழப்பைக் கொஞ்சம் ஈடுகட்டுகின்றன. 2017இல் கிராம வளாகத்திலேயே கட்டணமில்லாப் பொதுப் பள்ளி ஒன்றும் தொடங்கியது. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அங்கே அன்றாடப் பாடம் படிக்கிறார்கள். பண்ணையும் பட்டறைகளும் அவர்களுக்கு வகுப்பறையின் தொடர்ச்சி. எட்டாம் வகுப்பு முடித்து வெளியேறும் அவர்களில் சிலராவது கலப்பைக்கோ உலைக்களத்துக்கோ திரும்பிவருவார்கள் என்று நான் மனதார நம்புகிறேன்.