சொந்தக் கட்சியிடம் காட்ட வேண்டிய மனசாட்சி

எதிர்க்கட்சி தப்பு செய்தால் கொதிக்க எல்லோராலும் முடியும். அதற்குக் காசா, பணமா? சொந்தக் கட்சி தப்பு செய்யும்போதுதான் மனசாட்சியின் விலை தெரியும்.

நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து செங்குட்டைப்பாளையத்துக்காரர் சி.சுப்பிரமணியம், 1965 பிப்ரவரியில் மத்திய உணவு அமைச்சர். டெல்லியிலும் சென்னையிலும் அவருடைய காங்கிரஸ் ஆட்சிதான். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்கள் போய்க்கொண்டிருந்தன. அவரும் இன்னொரு மத்திய அமைச்சரான ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள். இந்தி பேசாதவர்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசினார். பிறகே இருவரும் பதவியில் தொடர்ந்தார்கள்.

"திரும்பிப் போய்விட்டாரே" என்று கேலி பேசலாம். போனவர்தான் பசுமைப் புரட்சிக்கு வழி போட்டார். இன்றைக்கு நம்ம ஊர்க் கவுன்சிலராவது தலைமையிடம் ஒருமுறை "முடியாதுங்க" என்பாரா?