மூன்றுக்கு மூன்று

2022 டிசம்பர் 18ஆம் தேதி இரவு லுசைல் ஸ்டேடியத்தில் அர்ஜென்டினாவும் பிரான்ஸும் ஆடிய உலகக்கோப்பை இறுதி ஆட்டம், விதிகளின்படி, டிராவில்தான் முடிந்தது. மூன்றுக்கு மூன்று. அதற்கப்புறம் நடந்த பெனால்டி உதைகள் ஆட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. கோப்பையை யார் எடுத்துக்கொண்டு போவது என்று தீர்மானிக்க ஓர் உபாயம், அவ்வளவுதான். 1970க்கு முன்னால் இதையே நாணயத்தைச் சுண்டிப் போட்டுத் தீர்மானித்திருக்கிறார்கள். 1968ல் இத்தாலி சோவியத் யூனியனைத் தாண்டி ஐரோப்பிய இறுதிக்குப் போனது அப்படித்தான். பகல் முழுக்கப் பற்றையும் வரவையும் நேராக்கிக்கொண்டிருக்கிற என்னைப் போன்ற ஒரு குமாஸ்தாவுக்கு இந்த ஏற்பாடு பரிச்சயமானதுதான். நேராகாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு ஷட்டரை இறக்குகிற காரியம்.

அன்று ராத்திரி நான் அழுதேன். இதை எழுத்தில் சொல்ல இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நீங்கள் இருநூறு பேர்தான். நம் வட்டத்தில் கால்பந்தைப் பற்றிப் பேச ஒரு பாஸ்போர்ட் தேவைப்படுகிறது. காம்யு அல்ஜியர்ஸில் கோல்கீப்பராக நின்றவர் என்று ஆரம்பிக்கலாம். அல்லது, பெனால்டிக்கு எதிரே நிற்கும் கோல்கீப்பரின் பதற்றத்தைத் தலைப்பிலேயே வைத்து ஹண்ட்கே 1970ல் எழுதிய நாவல், வெண்டர்ஸ் அதைப் படமாக எடுத்தது என்று போகலாம். நானும் போயிருக்கிறேன். ஹண்ட்கே பற்றி ஒரு கூட்டத்தில் வாசித்த கட்டுரையில் பெனால்டியை 'அர்த்தம் உறைந்து நிற்கும் கணம்' என்று சொல்லியிருந்தேன். நண்பர்கள் அந்த வரியைப் பாராட்டினார்கள். அதை எழுதியவன் அதுவரை ஒரு பெனால்டி வரிசையைக்கூட முழுசாகக் கண்ணால் பார்த்ததில்லை என்பதை நான் சொல்லவில்லை.

அப்பாவுக்கு அர்ஜென்டினா 1986ல் தொற்றியது. நடுராத்திரி, தூர்தர்ஷனில், யார் வீட்டுக் கறுப்பு வெள்ளை டெலிவிஷனிலோ, மரடோனா இங்கிலாந்துக்காரர்களை ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு வந்தவர் பிறகு மாறவே இல்லை. அடுத்த வருஷம் நான் பிறந்தேன். குலதெய்வம் மாதிரி எனக்கு அது கேள்வியில்லாமல் வந்து சேர்ந்தது. 2006 ஜூன் 30ஆம் தேதி பெர்லினில் ஜெர்மனியோடு கால் இறுதி. நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். பெனால்டியில் அயாலா அடித்ததை லேமான் பிடித்ததும் அப்பா என் பக்கம் திரும்பி, "நீ வெளியே போடா, நீ பார்த்தா போயிடுது" என்றார். போனேன். திண்ணையில் நின்றுகொண்டிருந்தபோது காம்பியாஸோவும் தவறவிட்டான்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அதன் பிறகு அர்ஜென்டினா பெனால்டிக்குப் போன ஒவ்வொரு தடவையும் நான் வெளியே போனேன். 2014 அரை இறுதியில் ஹாலந்தை ஜெயித்தது. 2015லும் 2016லும், நான் வெளியே நின்றும், சிலியிடம் கோப்பை போனது. மெஸ்ஸி கம்பத்துக்கு மேலே அடித்ததையும் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மூடநம்பிக்கைக்குக் கணக்கு தெரியாது. அதற்கு 2014 ஒன்றே போதுமானதாக இருந்தது.

"உனக்கும் அந்த நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். மேலும் ஒன்றும் சொன்னார்: 1978ல் புவனோஸ் அய்ரெஸில் அவர்கள் முதல் கோப்பையை வென்றபோது, ராணுவ ஆட்சி மனிதர்களை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்த கடற்படைப் பள்ளி அந்த மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது, கைதிகளுக்கு கோல் சத்தம் கேட்டிருக்கிறது. அது உண்மை. அதற்கு என்னிடம் பதில் கிடையாது. அவர் சொன்ன பிறகும் நான் நீலமும் வெள்ளையும்தான்.

2022ல் நாங்கள் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், மாடி வீட்டில் குடியிருந்தோம். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று வரிசையாக மீனவ ஊர்கள். கால்பந்து அங்கே பாஸ்போர்ட் கேட்பதில்லை. கீழே தெருவில் பையன்கள் திரை கட்டியிருந்தார்கள். பாதிப் பேர் பிரேசில் கட்சி, அதனால் அன்று ராத்திரி மட்டும் பிரான்ஸ். மேலே நானும் அப்பாவும், சொம்பில் சாய்த்து வைத்த என் போனில். அப்பாவுக்குக் கண்புரை, ஆபரேஷன் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. பச்சையும் அதில் ஊர்கிற புள்ளிகளும்தான் தெரியும் என்றார். காதும் மந்தம்.

போனில் படம் அரை நிமிஷம் பின்தங்கி வந்தது. கீழே அலறுவார்கள், பிறகு எங்களுக்கு அது நடக்கும். போர்ஹேஸும் பியோய் கஸாரஸும் சேர்ந்து எழுதிய ஒரு கதையில் கால்பந்தாட்டமே கிடையாது, வர்ணனை மட்டும்தான் உண்டு. போர்ஹேஸுக்குக் கால்பந்து பிடிக்காது. அன்று எங்கள் மாடி அந்தக் கதைக்குள்தான் இருந்தது. இரண்டு கோல் முன்னால் இருந்து, 80வது, 81வது நிமிஷங்களில் எம்பாப்பே இரண்டையும் சமன் செய்ததும், கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி அடித்ததும், 118வது நிமிஷத்தில் மொந்தியேலின் கையில் பந்து பட்டு இன்னொரு பெனால்டி கொடுத்து எம்பாப்பே மூன்றாவதைப் போட்டதும் உங்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எழுந்தேன்.

"எங்கேடா போறே?"

"வெளியேப்பா. பெனால்டி."

"எதுக்கு வெளியே?"

"நீங்கதானே சொன்னீங்க, நான் பார்த்தா போயிடும்னு."

"நான் எப்போ சொன்னேன்?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. பதினாறு வருஷம். "உக்காரு. எனக்குப் படம் தெரியல. நீ பார்த்துச் சொல்லு" என்றார்.

பார்த்துச் சொன்னேன். எம்பாப்பே போட்டான். மெஸ்ஸி அவசரமே இல்லாமல், குழந்தைக்கு உருட்டிவிடுகிற மாதிரி உருட்டினான். கோமான் அடித்ததை மார்ட்டினெஸ் வலது பக்கம் பாய்ந்து தடுத்தான். டிபாலா நட்டநடுவில். சுவாமெனிக்கு முன்னால் மார்ட்டினெஸ் பந்தைத் தூக்கித் தூர எறிந்தான். சுவாமெனி வெளியே அடித்தான். கீழே ஒவ்வொரு உதைக்கும் யாரோ ஒரு பாதி அலறியது. எந்தப் பாதி என்று மாடியிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. செய்தி முன்கூட்டியே வந்தது, அர்த்தம் மட்டும் அரை நிமிஷம் கழித்து வந்தது. பரேதெஸ். கோலோ முவானி. பிறகு போனில் இன்னும் யாரும் பந்தை வைக்காதபோதே கீழே வெடி வெடித்தது. சந்தேகத்துக்கு இடமில்லை. அப்பாவுக்கு அது கேட்கவில்லை.

"இப்போ யாரு?"

"மொந்தியேல்."

"எவன் அவன்?"

"கையில பட்டுச்சே, அவன்தான்."

"ஐயோ, அவனா? போடுவானா?"

"தெரியலப்பா. பார்ப்போம்."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பந்தை வச்சிட்டான். பின்னால வர்றான்."

விமர்சகனாகப் பதினைந்து வருஷத்தில் எத்தனையோ வரிகளை விவரித்திருக்கிறேன், முடிவு தெரிந்துகொண்டு, தெரியாதவனைப் போல. பெரும்பாலும் அது தோரணை. அன்று அந்த அரை நிமிஷம் அவருக்கு முழுசாக வேண்டும் என்று பட்டது. ஓர் அடிகூடக் குறைக்காமல் சொன்னேன். ஓடி வர்றான், கீப்பர் வலது பக்கம் சாயறான், பந்து இந்தப் பக்கம்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனைக்கு எத்தனை?" என்றார்.

"நாலுக்கு ரெண்டு."

"அதில்லடா, ஆட்டத்துல."

"மூணுக்கு மூணு."

யோசித்தார். கீழேயிருந்து, "சாரே, எறங்கி வாங்க" என்று கூப்பிட்டார்கள். பிரேசில் கட்சிக்காரன் ஒருவன்தான் தப்பட்டையை அடித்துக்கொண்டிருந்தான். அப்பாவையும் மெதுவாகப் படியிறக்கிக் கூட்டிக்கொண்டு போனேன். மறுநாள் திங்கட்கிழமை, பத்து மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்தபோது எனக்குக் குரல் இல்லை. டோக்கன் நம்பரை விரலால் காட்டினேன்.